வெயிலில் மட்டும் ஒட்டாத தட்டு

நான் வேலையை விட்டு நிற்கப் போகிற வாரத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு மின்சாரக் கார் வந்தது. ஏசி குளிரவில்லை என்று புகார். எங்கள் எலக்ட்ரீஷியன் சலீம் பாய் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து மேலும் கீழும் தேடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா செலினு, இதுல பெல்ட்டும் காணோம், புல்லியும் காணோம். உன் தட்டு எங்க?"

"என் தட்டு என்னோட ரிட்டயர் ஆயிடுச்சு பாய்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, வருத்தம் வரவில்லை. மின்சார வண்டியில் கம்ப்ரஸருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. தட்டு ஒட்டியதா இல்லையா என்ற கேள்வியே அங்கு கிடையாது. நல்ல ஏற்பாடு. ஆனால் ரோட்டில் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை இன்னும் தட்டு வைத்தவைதான். அவற்றைப் பார்க்கப் போகிறவர்கள், நான் கிளம்புகிற நாளில் மைக்கைக் கொடுத்து, "கம்ப்ரஸர் ஒட்டாத வண்டி வந்தா எப்டி பாக்கணும்னு சொல்லிட்டுப் போக்கா" என்றார்கள். மைக் எனக்கு ஆகாது. எழுதித் தருகிறேன் என்றேன். அப்படி எழுதியதுதான் இது.

கார் ஏசியை அறியாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். வண்டியின் இன்ஜின் ஓடும்வரை கம்ப்ரஸரின் முன்னால் இருக்கும் புல்லி பெல்ட்டோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் கம்ப்ரஸர் சுற்றாது. புல்லிக்கு முன்னால் ஒரு வட்டமான இரும்புத் தட்டு சும்மா நிற்கும். ஏசி பட்டனை அழுத்தியதும் புல்லிக்குப் பின்னால் உள்ள காயில் என்ற கம்பிச் சுருளுக்குக் கரண்ட் போகும், காயில் காந்தமாகும், தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்ட வைக்கும். 'டக்' என்று கேட்கும். ஒட்டினால்தான் கம்ப்ரஸர் சுற்றும், குளிர் வரும். ஒட்டாவிட்டால் ப்ளோயர் வெறும் காற்றைத்தான் தள்ளும்.

தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. கல்யாணப் பத்திரிகை அட்டை நுழைகிற அளவு, அவ்வளவுதான். என் வேலை வாழ்க்கை அந்த இடைவெளியில் தொடங்கியது.

நான் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு ஊரில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் கழனியில் கூலி வேலை செய்தார்கள். எங்கள் தலைமுறை சிப்காட் பஸ்ஸில் ஏறியது. ஐடிஐ முடித்துவிட்டு, காருக்குக் கம்ப்ரஸர் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். லைனின் கடைசியில் என் இடம். கம்ப்ரஸர் தண்டின் மேல் ஷிம் என்ற மெல்லிய வளையத்தைப் போட்டு, அதன் மேல் தட்டை மாட்டி, ஃபில்லர் கேஜ் என்கிற இரும்பு இலையை நுழைத்து இடைவெளியைப் பார்ப்பேன். அதிகமென்றால் ஷிம்மைக் குறைப்பேன், குறைவென்றால் கூட்டுவேன். வருடக்கணக்கில் அதே வேலை. சலிப்பாக இருந்ததா என்று கேட்பார்கள். இல்லை. நான் சரியென்று விட்ட ஒன்றுகூடத் திரும்பி வரக் கூடாது என்ற வீம்பு இருந்தது, அது சலிப்புக்கு இடம் கொடுக்கவில்லை. கம்பெனி அந்த லைனை வேறு மாநிலத்துக்கு எடுத்துக்கொண்டு போனபோது, திருவள்ளூரில் கார் ஏசி ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து போனேன்.

அங்கே மேனேஜர் வரதன் சார். என்னைவிட வயதில் இளையவர். கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகப் பெருமாளுக்குத் தளிகை சமைக்கிற குடும்பத்துப் பிள்ளை, டிப்ளமோ படித்துவிட்டு கிரீஸ் பக்கம் வந்துவிட்டார். காலையில் நெற்றியில் திருமண் பளிச்சென்று இருக்கும். மத்தியானத்துக்குள் வியர்வையும் ஆயிலும் சேர்ந்து அது எங்கேயோ போயிருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம். ஏசி பைப் எதையாவது கழற்றினால், அடுத்த நொடி அதன் இரண்டு வாயையும் மூடி போட்டு அடைக்க வேண்டும். ஆயில் டப்பாவின் மூடி திறந்தபடி இருந்தால் அந்த ஆயிலைத் தொடமாட்டார். காற்றில் உள்ள ஈரம் உள்ளே போனால் கம்ப்ரஸர் உள்ளிருந்தே கெட்டுப்போகும் என்பது உண்மைதான், ஆனால் மற்ற இடங்களில் யாரும் இவ்வளவு பார்ப்பதில்லை. ஒர்க்‌ஷாப்பில் இதற்கு 'மடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் சேர்ந்த அன்று, "அக்கா, அந்தப் பைப்பைத் தொடாத, சார் மடியில கீறாரு" என்று ஒருவர் சொன்னபோது எனக்கு முகம் மாறிவிட்டது. அந்தச் சொல்லை எங்கள் ஊரில் வேறு மாதிரி கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் கை படக் கூடாது என்பதற்கான சொல் அது.

வரதன் சார் அதைப் பார்த்துவிட்டார். கையில் இருந்த மூடியை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்கோ செலின். இந்த மடிக்கு ஆள் கணக்கு கெடையாது. உங்க கை படலாம், என் கை படலாம். ஈரக் காத்து மட்டும் படப்படாது."

மூடியைப் போட்டேன். அதன் பிறகு அந்த ஒர்க்‌ஷாப்பில் மடி பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவை அவரே ஒரு பைப்பைக் கழற்றி வைத்துவிட்டு போனில் பேசப் போய்விட்டார். "சார், மடி!" என்று நான் போட்ட சத்தத்தில் போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்து அடைத்தார்.

கம்ப்ரஸர் ஒட்டவில்லை என்று வண்டி வந்தால் அவர் பானெட்டைத் திறக்கமாட்டார். முதலில் ஓட்டுகிறவரின் சீட்டில் போய் உட்காருவார். வண்டிக்காரரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, எப்போது நிற்கிறது, எங்கே நிற்கிறது, நிற்பதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று நிதானமாகக் கேட்பார். பதில் வராவிட்டால் காத்திருப்பார். அதற்கப்புறம்தான் பானெட். கேஸ் அழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கேஸ் குறைந்தால் தட்டை ஒட்டவே விடாத ஒரு சுவிட்ச் உண்டு. பிறகு மீட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கம்ப்ரஸருக்குப் போகிற ஒயரிடம் போய்விட வேண்டும். அங்கே கரண்ட் வரவில்லை என்றால் ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும்: ரிலே, ஃபியூஸ், சுவிட்ச். கரண்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் பின்னால் போகவே வேண்டாம். குற்றம் அங்கேயே இருக்கிறது. இந்த ஒரு இடத்தில் நின்று பார்த்தால் பாதி வேலை மிச்சம்.

இப்போது அந்த வண்டிக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன், கத்திரி வெயிலில், வேப்பம்பட்டிலிருந்து ஒரு பெண் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பெயர் ரேவதி. முப்பதை நெருங்கும் வயது. மெல்லிய தலைமுடி, ஒல்லியான உடம்பு. தோளில் ஈரத் துண்டு. கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டீல் கம்பெனியின் லேபில் வேலை. மத்தியானத்தில் ஏசி திடீரென்று நின்றுவிடுகிறது, சற்று நேரம் கழித்து தானாக வருகிறது என்றார். ஏற்கெனவே ஒரு இடத்தில் கேஸ் போட்டிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் ரிலே மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றினால் சரியாகுமா என்று இவர் கேட்டதற்கு, "மாத்திப் பாப்போம்" என்று பதில் வந்திருக்கிறது.

பானெட்டைத் திறந்து பார்த்தோம். பட்டனைப் போட்டால் டக் என்று ஒட்டுகிறது. எடுத்தால் விடுகிறது. கேஸ் சரி. ஒயர் சரி. குளிரோ நடுங்க வைக்கிறது.

"எல்லாம் நல்லாத்தான கீது" என்றார் சலீம் பாய் என் காதருகே. அவருடைய ரகசியம் ஆபீஸ் அறை வரைக்கும் கேட்கும். "கொஞ்ச நேரம் ஏசி இல்லைன்னா இன்னா, கரைஞ்சா பூடுவாங்க? சும்மா பேஜாரு பண்றாங்கோ."

ஆபீஸ் அறையிலிருந்து ரேவதி எழுந்து வந்தார். கோபப்படவில்லை.

"அண்ணா, எனக்கு வேர்க்காது" என்றார். "பொறந்ததுலருந்தே அப்படி. ஒடம்புல வேர்வை சுரப்பியே சரியா கெடையாது. உங்களுக்கு வேர்த்தா சூடு வெளிய போயிடும். எனக்குப் போக வழி இல்ல. வெயில்ல மாட்டிக்கிட்டா ஜுரம் மாதிரி ஏறும், அப்புறம் மயக்கம். ட்ரெயின், பஸ் எதுலயும் போக முடியாது. இந்தக் கார் ஒண்ணுதான் எனக்கு வழி. போன வாரம் ஹைவேல ஏசி நின்னு, ஒரு பெட்ரோல் பங்க் பாத்ரூம்ல தலையோட தண்ணி ஊத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலையை விட்டுடுன்னு அம்மா அழறாங்க."

சலீம் பாய் போய், ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். அந்த வண்டி எங்களிடம் நின்ற நேரமெல்லாம் அவர் அதன் பக்கத்திலிருந்து நகரவில்லை.

வரதன் சார் ரேவதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார். செகண்ட் ஷிஃப்டுக்குப் போகிற மத்தியானங்களில்தான் நிற்கிறது. காலை ஷிஃப்டில் ஒருநாளும் நின்றதில்லை. பெரியபாளையம், ஆரணி வழியாகப் போய் புதுவாயலில் ஹைவே ஏறுவார். ஹைவே ஏறிய பிறகுதான் நிற்கிறது. ஒரே இடத்தில் என்று சொல்ல முடியாது.

"வண்டியை எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க" என்றார் சார். "குத்தத்தைக் கண்ணால பாக்காம நான் ஒரு ஸ்க்ரூகூடக் கழட்டமாட்டேன்."

பானெட் மூடியிருக்கும்போது நடப்பதை எப்படிப் பார்ப்பது? சலீம் பாய் ஒரு வேலை செய்தார். கம்ப்ரஸருக்குப் போகிற ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, உள்ளே இழுத்துவந்து, டேஷ்போர்டு மேல் ஒரு சின்ன பல்பை ஒட்டிவிட்டார். பல்பு எரிந்தால் காயிலுக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். எரியாவிட்டால் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்த வண்டியில் கும்மிடிப்பூண்டி போய்த் திரும்பினேன். பல்பு எரிந்துகொண்டே இருந்தது, குளிர் வந்துகொண்டே இருந்தது. அதற்கு மறுநாளும் போனேன். அதேதான். திரும்பி வந்து சாவியை மேசையில் வைத்தேன்.

"வண்டியில ஒண்ணும் இல்ல சார். நின்னாதான பாக்கறதுக்கு?"

"நீங்க எப்படி ஓட்டினேள்?"

"எப்டின்னா? ஏசியைப் போட்டேன், போனேன், வந்தேன்."

"அவங்க எப்படி ஓட்டறாங்கன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்போ நாம இன்னும் அவங்க வண்டியைப் பாக்கலை செலின். உங்க வண்டியைத்தான் பாத்திருக்கோம்."

ரேவதியை ஓட்டச் சொல்ல வேண்டும். ஏசி நிற்கும் என்று தெரிந்தே, அந்த வெயிலில் அவரை ரோட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். சாருக்குக் கேட்கவே நா எழவில்லை. நான்தான் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரு கணம்கூட யோசனை இல்லை.

"வரேன் அக்கா. தெனமும் தனியா மாட்டிக்கிறேன். நீங்க பக்கத்துல இருக்கும்போது மாட்டினா நல்லதுதானே."

தண்ணீர் கேன், இரண்டு ஈரத் துண்டு, முகத்தில் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில் எல்லாவற்றோடும் வந்தார். நான் என் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியபாளையம் தாண்டினோம், ஆரணி தாண்டினோம். நன்றாக ஓட்டுவார், ஹார்ன் அடிக்காமல், யாரையும் திட்டாமல். லேபில் இரும்பைக் கரைத்து அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தார். புதுவாயலில் ஹைவே ஏறினோம். எதிரே தார் ரோடு கண்ணைக் கூச வைத்தது. மேம்பாலம் வந்தது. ஏறும்போது, பேச்சை நிறுத்தாமலே, இடது கையால் ஏசி பட்டனைத் தட்டினார். பல்பு அணைந்தது.

"இன்னா மேடம், ஏன் ஆஃப் பண்ணீங்க?"

"ஆஃப் பண்ணேனா?" பட்டனைப் பார்த்தார். "ஆமா. மேடு ஏறும்போது இன்ஜின் நல்லா இழுக்கணும்னு அப்பா சொல்லிக் குடுத்தாரு. எறங்கினதும் போட்டுடுவேன். கை அதுபாட்டுக்குப் பண்ணுது."

இறங்கியதும் போட்டார். பல்பு எரிந்தது. நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தேன். டக் வரவில்லை. ப்ளோயரிலிருந்து வந்த காற்று மெல்ல மெல்லச் சூடானது.

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். என் கையில் ஏசி ஏன் நிற்கவில்லை என்பதும் விளங்கிவிட்டது. நான் அணைக்கவே இல்லை. ஒருமுறை ஒட்டிய தட்டு ஒட்டியபடியே இருந்துவிடும். இவர் சூட்டில் அதை விட வைத்து, மறுபடி ஒட்டச் சொல்கிறார். அப்போதுதான் அது முடியாமல் நிற்கிறது.

முன்னால் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஓரமாக ஒரு டீக்கடை, தகரக் கூரை. அங்கே நிறுத்தச் சொன்னேன். இன்ஜினை அணைக்க வேண்டாம், ஏசி பட்டனையும் தொட வேண்டாம் என்றேன்.

பல்பு எரிகிறது. அப்படியென்றால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், கேஸ் எல்லாம் குற்றமற்றவை. மிச்சம் இரண்டே சந்தேகம். சூட்டில் காயிலுக்குள் கம்பி விட்டுப்போகலாம். அல்லது தட்டு தேய்ந்து இடைவெளி அதிகமாகி, சூடேறிய காயிலுக்கு அவ்வளவு தூரம் இழுக்கத் தெம்பில்லாமல் போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பானெட்டைத் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் ஆறிப்போய் இரண்டுமே மறைந்துவிடும். முந்தைய மூன்று ஒர்க்‌ஷாப்பிலும் நடந்தது அதுதான். இப்போதே பார்த்தாக வேண்டும்.

ரேவதியைப் பார்த்தேன். முகம் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருந்தது. நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. அதுவே பயமாக இருந்தது.

"மேடம், எதுக்க ஏசி ஓட்டல் ஒண்ணு கீது. முதல்ல அங்க போய் உக்காருங்க. வண்டி எங்க போயிடப் போவுது?"

"அங்க போய்ட்டு வர்றதுக்குள்ள ஆறிடும் அக்கா. அப்புறம் நாளைக்கு மறுபடி இதே வெயில்ல வரணும். இப்பவே பாருங்க."

"நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

"ரோடு தாண்டுற அளவுக்குத் தலை நிக்கல. இங்கயே உக்காந்துக்கறேன்."

டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்து, ஈரத் துண்டைத் தலையில் போட்டு அதன் மேல் கேன் தண்ணீரை ஊற்றினேன். டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் தன் டேபிள் ஃபேனை எடுத்துவந்து அவர் முகத்துக்கு நேராக வைத்தார். "நான் கூப்பிட்டா பதில் குடுத்துக்கினே இருக்கணும். பதில் வரலைன்னா எல்லாத்தையும் போட்டுட்டு உங்களைத் தூக்கினு போயிடுவேன்" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

பானெட்டைத் திறந்தேன். அடுப்புக் கதவைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. இன்ஜினை நிறுத்தி, கம்ப்ரஸர் ஒயரைப் பிடுங்கி காயிலில் மீட்டரை வைத்தேன். கம்பியின் தடை அளவு சற்று ஏறியிருந்தது. சூட்டில் ஏறத்தான் செய்யும். கம்பி விட்டுப்போகவில்லை. காயில் உயிரோடு இருக்கிறது.

"மேடம்!"

"இருக்கேன்."

ஃபில்லர் கேஜை எடுத்துத் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே நுழைத்தேன். நான் லைனில் இருந்தபோது அதிகபட்சமாக அனுமதித்த இலை லொடலொடவென்று ஆடியது. அடுத்த தடிமனும் நுழைந்தது. அதற்கு அடுத்ததும் நுழைந்தது.

"மேடம்!"

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாயைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார், கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

ஒயரை மாட்டி இன்ஜினைக் கிளப்பி, ஏசியைப் போட்டேன். புல்லி சுற்றியது, தட்டு சும்மா நின்றது. சுத்தியல் பிடிக்குப் போடுகிற நீளமான கட்டை ஒன்று பையில் எப்போதும் இருக்கும். பழகாதவர்கள் இதைச் செய்யவே கூடாது, சுற்றுகிற இடத்தில் கை போனால் போனதுதான். கட்டையின் நுனியால் தட்டின் நடுவில் மெல்லத் தள்ளினேன். மீதித் தூரத்தைக் காயில் இழுத்துக்கொண்டது. டக்! இன்ஜின் சத்தம் ஒரு முறை அமுங்கி நிமிர்ந்தது. பக்கத்தில் இருந்த பைப் என் விரலுக்கடியில் சில்லென்று ஆனது.

பானெட்டை மூடிவிட்டு ஓடிப்போய் அவரைத் தாங்கிக் கூட்டிவந்து உள்ளே உட்கார வைத்தேன். குளிர் வருகிற வாயில் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ப்ரே பாட்டிலால் கழுத்திலும் கையிலும் அடித்துக்கொண்டே இருந்தேன். சிவப்பு மெல்ல இறங்கிய பிறகு, கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கண்டுபுட்ச்சிட்டேன் மேடம். தட்டு தேஞ்சி எட்டப் பூட்ச்சி. கம்ப்ரஸர் கல்லு மாதிரி கீது. மாத்தவே வேணாம்."

"நல்லவேளை, அவங்க சொன்னதைக் கேட்டு மாத்தல" என்று சொல்லிவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார். அன்று அவர் லீவு போட்டார். நான் ஏசியை அணைக்காமல் ஓட்டிவந்து, ஆட்டோவில் ஏற விடாமல் வேப்பம்பட்டில் அவர் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

வரதன் சார் தானும் ஒருமுறை இலையை நுழைத்துப் பார்த்தார். பிறகு விலகி நின்று, "உங்க வேலை, நீங்களே பண்ணுங்கோ" என்றார். நடு போல்ட்டைக் கழற்றி, தட்டை உருவினேன். முகம் தேய்ந்திருந்தாலும் வரி விழவில்லை, நிறம் கறுக்கவில்லை, இன்னும் உழைக்கும். தண்டிலிருந்து ஒரு ஷிம்மை எடுத்துவிட்டுத் தட்டை மறுபடி மாட்டினேன். சுற்றிலும் இடம் மாற்றி மாற்றி இலையை நுழைத்தேன். எங்கும் ஒரே இறுக்கம், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி.

சலீம் பாய் அந்த ஷிம்மை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இத்தினியூண்டு வளையத்துக்கா அந்தப் பொண்ணு இத்தினி பாடு பட்டுச்சி?"

"இன்னும் முடியலை பாய்" என்றார் வரதன் சார். "குத்தத்தை மறுபடி கூப்பிடணும். அதே ரோடு, அதே வெயில், அதே மேம்பாலம். கூப்பிட்டும் வரலைன்னாத்தான் சரியாச்சுன்னு அர்த்தம்."

ரேவதி வேலையை விடவில்லை. அந்த வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பிறகு தட்டையும் காயிலையும் புதிதாக மாற்றிக்கொண்டார், அதையும் நான்தான் மாட்டினேன். இப்போது அந்த லேபுக்கே அவர்தான் பொறுப்பு, ஷிஃப்ட் போடுகிறவரும் அவரே. வெயில் காலத்தில் போன் செய்வார். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடைசி டெஸ்ட்டைச் சொல்லாமல் விட மனமில்லை.

அவருடைய வார லீவு நாள் அது. நான் தனியாகவே போகிறேன் என்றேன். கேட்கவில்லை. "என் வண்டி, நான் பாக்கணும்" என்று வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஓட்டியது நான். அதே ரோடு. புதுவாயலில் ஏறியதும் அவர் ஏசி பட்டனையே பார்த்துக்கொண்டு வந்தார். மேம்பாலம் ஏறும்போது ஏசியை அணைத்தேன். இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் போட்டேன்.

டக்.

"கேட்டுச்சா மேடம்?"

"கேட்டுச்சு. இன்னொரு தடவ."

அணைத்தேன், போட்டேன். டக். லாரிகள் நிற்கிற இடத்தில் நட்ட நடு வெயிலில், இன்ஜினை ஓடவிட்டபடி நிறுத்தினேன். பானெட்டே தொட முடியாதபடி கொதித்தது. அணைத்தேன், போட்டேன். டக். அவர் கேட்கக் கேட்கப் போட்டுக் காட்டினேன். ஒரு இடத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். கும்மிடிப்பூண்டிக்குப் போய்ச் சேரும்போது திரும்பிப் பார்த்தால், தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டார்.

கத்திரி வெயில் மத்தியானத்தில், வண்டிக்குள், ஒருவரை நம்பித் தூங்குகிறார். எத்தனை வெயில் காலமாக அவர் இப்படிக் கண் மூடியிருக்கமாட்டார் என்று நினைத்துப் பார்த்தேன். திரும்புகிற இடத்தில் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. அங்கே போய் நின்றால் எழுந்துவிடுவார். கொஞ்சம் முன்னால் போய்ச் சத்தமில்லாத இடத்தில் திருப்பி, நேராகத் திருவள்ளூர் போகாமல் பொன்னேரி பக்கம் விட்டேன். மீஞ்சூர் தாண்டி, அத்திப்பட்டு மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகிற வரைக்கும் போய்விட்டேன். அப்போது போன் அதிர்ந்தது. இன்ஜினை அணைக்காமல் ஓரமாக நிறுத்தி எடுத்தேன். வரதன் சார்.

"எங்க இருக்கேள் செலின்? இவ்வளவு நேரமா? தட்டு ஒட்டறதா?"

"நல்லா ஒட்டுது சார்" என்றேன், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "ஆனா டெஸ்ட் இன்னும் முடியல."

"ஏன், என்ன ஆச்சு?"

"மேடம் தூங்கறாங்க."

அந்தப் பக்கம் சலீம் பாய் ஏதோ கேட்பதும், சார் அவரை அடக்குவதும் கேட்டது.

"சரி" என்றார் பிறகு. அவர் குரலும் தாழ்ந்திருந்தது. "பெட்ரோல் இருக்கா பாத்துக்கோங்கோ."

முள் பாதிக்கு மேலேயே நின்றது. கியரைப் போட்டு, மெதுவாக, பள்ளம் இல்லாத பக்கமாகப் பார்த்து வண்டியை நகர்த்தினேன்.